அவருக்கு மனைவியும் ஒரு மகளும் உள்ளனர்

இந்த நாட்டுக்கு வந்து எனக்கு முதலில் புரியாமல் போனது, செத்த பன்றியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றியதுதான்.

அது பெண் பன்றி. முதல் குண்டு இடுப்பில் பட்டது. பின்னங்கால்கள் செயலற்றுப்போக, முன்னங்கால்களால் உடலை இழுத்துக்கொண்டு இங்கே மரச்சீனி என்று சொல்லும் மரவள்ளித் தோட்டத்துக்குள் வட்டமடித்தது. ஒவ்வொரு சுற்றிலும் நாலைந்து செடிகள் ஒடிந்து விழுந்தன. வரப்பில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் செடிகள் ஒடிவதைப் பார்த்துப் பன்றியின் தாயையும் பாட்டியையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் என் கணவரின் அண்ணன். தோட்டம் அவருடையது. இரண்டாவது குண்டு காதுக்குப் பின்னால் இறங்கியது. பஞ்சாயத்து அனுமதி பெற்ற துப்பாக்கிக்காரர் குழி வெட்டச் சொன்னார். பன்றியை உள்ளே தள்ளி, ஒரு கேன் மண்ணெண்ணெயைக் கவிழ்த்தார். யாரும் தோண்டி எடுத்துத் தின்றுவிடக் கூடாதாம்.

“சாரே, இத்திரி கொறச்சு ஒழிச்சா மதி,” என்று, கொஞ்சம் குறைத்து ஊற்றும்படி அண்ணன் மலையாளத்துக்கு மாறிக் கெஞ்சினார். “பாக்கி ஞங்ஙள் கழுவி எடுத்தோளாம்.”

“நிங்ஙள் கழுவி எடுத்தா ஞான் ஜெயிலில் போகும்.”

“போயா எந்தா? அவிடெ சாருக்கு மட்டன் கிட்டுமல்லோ!”

துப்பாக்கிக்காரரும் சிரித்தார். ஆனால் கேனை நிமிர்த்தவில்லை.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். தொழிலாளர் வரிசைவீடுகளான எங்கள் லயத்தில் காட்டுப்பன்றி விழுந்தால் அன்று திருநாள். அப்பா அறுப்பார், அம்மா மசாலா அரைப்பார், பிள்ளைகள் முடி சுரண்டுவோம். கொல்வதற்கு அனுமதியும் தின்பதற்குத் தடையும் உள்ள நாட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் விபத்து, குற்றச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே உணவகம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தவரைத் திருமணம் செய்துகொண்டேன். அவருடைய அப்பா இறந்த பிறகு அவருடன் கேரளத்தில் நெய்யாற்றின்கரைப் பக்கமுள்ள ஆரியங்கோட்டுக்கு வந்தேன். அவர் பாறசாலையில் கைபேசிக் கடை வைத்தார். நான் வீட்டில் இருந்தேன்.

மொழி சிரமமாக இருக்கும் என்று நினைத்து வந்தேன். இருந்தது, ஆனால் பெரிதாக இல்லை. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், சண்டை முற்றினால் இரண்டும். மலேசியத் தமிழர் பேச்சின் முடிவில் ஒட்டிக்கொள்ளும் என் ‘லா’வை மட்டும் அண்ணனின் மனைவி விடவே மாட்டார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். “வந்துட்டாலா, மலேசியாக்காரி லா!” என்று முற்றத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார். அது அன்புதான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது.

உண்மையில் பழக முடியாதது சத்தம். எங்கள் லயத்தில் குரல் உயர்ந்தால் அடுத்தது அடி. இங்கே உப்பு கேட்பதற்கும் அதே குரல்தான். காலையில் என் மாமியாரும் அண்ணனும் முற்றத்தில் கத்திக்கொள்வதைக் கேட்டு, வந்த புதிதில் நான் கதவைத் தாழிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வந்து பார்த்தால் இருவரும் ஒரே பலாச்சுளையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சத்தத்தைக் கேட்காமலிருக்கப் பழகினேன். அப்படிப் பழகியதால், உண்மையான கோபம் வரும்போது அதை எப்படி அடையாளம் காண்பது என்று எனக்குத் தெரியாமலே போயிற்று.

அந்தப் பன்றி புதைக்கப்பட்ட வாரத்திலேயே வேறு பன்றிகள் வந்தன. துப்பாக்கிக்காரர் ஒருவர்தான், தோட்டங்கள் பல. அடுத்த முறை அண்ணன் அவரைக் கூப்பிடவில்லை. மெல்லிய இரும்புக் கம்பியைத் தோட்டத்தைச் சுற்றி முழங்காலுக்குக் கீழே கட்டி, மோட்டார் ஷெட்டிலிருந்து மின்சாரம் கொடுத்தார். இருட்டிய பின் இணைப்பார், விடியுமுன் எடுப்பார். ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

மூன்றாம் நாள் ஒரு ஆண் பன்றி விழுந்தது. மூக்கு கருகி, பற்கள் கிட்டித்து, நான்கு கால்களும் விறைத்துக் கிடந்தது. அதன் வீட்டுக்கே போய் வரி வசூலித்துவிட்டவரைப் போல அண்ணன் அதைச் சுற்றி நடந்தார். வீட்டுக்குப் பின்னால் ஓலை விரித்து, கொதிநீர் ஊற்றினார்கள். அக்கா கத்தியைப் பிடித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வாங்கிக்கொண்டு, முடியின் போக்கிலேயே சுரண்டினேன். தோல் வெள்ளையாக வந்தது.

“எலே, மலேசியாக்காரி கொள்ளாமே!” என்றார் அண்ணன். “நம்ம வீட்டுல இப்பந்தான் ஒரு ஆளு வந்து சேந்திருக்கு.”

அன்று நான்தான் சமைத்தேன். அம்மா செய்வதுபோல், கறுப்பாக, காரமாக. மாமியார் இரண்டு முறை கேட்டு வாங்கினார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றுதான். அந்தக் கம்பியைப் பற்றி அன்று எனக்கு எந்த மறுப்பும் இருக்கவில்லை. அதை இங்கே எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

எங்கள் ரப்பர் மரங்களில் பால் வெட்ட வரும் பெண் குளத்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கே கட்டிக்கொடுக்கப்பட்டவர். நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, இருட்டோடு வருவார். அண்ணனின் தோட்ட ஓரம் வழியாகத்தான் மரங்கள் நிற்கும் மேட்டுக்கு ஏற வேண்டும். “நாலரைக்கெல்லாம் நான் எடுத்துருவேனாக்கும். அவ அஞ்சுக்குத்தான் வாறா,” என்று அண்ணன் சொல்லியிருந்தார். என் அம்மாவும் அதே போன்ற விளக்கை மாட்டிக்கொண்டு, அதே நேரத்தில் வேலைக்குப் போனவர்.

ஒரு நாள் விடியற்காலையில் மழை. மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. அந்தப் பெண் வரவில்லை. நன்றாக வெளுத்த பிறகு நான் காப்பிக்குப் பால் வாங்கக் கிளம்பினேன். எங்கள் நாய் முன்னால் ஓடியது. தோட்ட ஓரத்தில் அது ஒரு முறை மட்டும் கத்தியது. நாய் கத்துவது போல இல்லை. கீல் இற்றுப்போன கதவு திறப்பது போல இருந்தது. நான் போய்ப் பார்த்தபோது அதன் வாய் கம்பியைக் கவ்வியிருந்தது. தாடை துடித்துக்கொண்டிருந்தது. ஈர முடியிலிருந்து புகை வந்தது. கம்பியின் இணைப்பு எடுக்கப்படவில்லை. மழையின் குளிருக்கு அண்ணன் தூங்கிவிட்டிருந்தார்.

நான் கத்தியதைக் கேட்டுத்தான் எழுந்து வந்தார். ஷெட்டுக்கு ஓடி இணைப்பை எடுத்தார். நாயின் காலைப் பிடித்து இழுத்து வாழைக்கு அடியில் போட்டார்.

“பட்டிதானே. போட்டும். வேற ஒண்ணு கொண்டு தாறேன், பிள்ள.”

“இன்னிக்கு மழை பெய்யலைன்னா இது நாயா இருந்திருக்காது, அண்ணே.”

“மழ பெய்யலேன்னா நான் உறங்கியிருக்க மாட்டேன்லா?” என்றார். என்னுடைய ‘லா’வை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

அன்று பகல் முழுவதும் நான் ஒவ்வொருவரிடமும் பேசினேன். மாமியார், “அவன் சொன்னா கேக்க மாட்டான், மக்கா” என்றார். அக்கா, “பன்னி வந்து மொத்தமும் தோண்டிப் போட்டா நீ வந்து நட்டுத் தருவியா?” என்றார். கடைக்குப் போன் செய்து கணவரிடம் பேசினேன். போலீசுக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். “சொன்னா அண்ணன் உள்ள போவான். அப்புறம் நாம இந்த ஊர்ல இருக்க முடியாது,” என்றார். அவர் சொன்னது சரி. சொல்லாவிட்டால் அந்தப் பெண் சாவார். அதுவும் சரி.

அந்தி நேரம், மாமியாருக்கு மருந்து கொடுக்க அண்ணனும் அக்காவும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அங்கேயே சாப்பிடுவார்கள். அன்றும் அக்கா பரிமாறிக்கொண்டிருந்தார். சாப்பிட்டு எழுந்ததும் அண்ணன் ஷெட்டுக்குப் போவார். எனக்கிருந்தது அந்த இடைவெளி மட்டும்.

நாளிதழில் இருந்தபோது, கடைசி நேரச் செய்திகளை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் வாசித்துச் சொல்வோம். அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக, எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரு குரலில். அந்தக் குரலை எடுத்தேன்.

“நெய்யாற்றின்கரை. காட்டுப்பன்றிக்காக வைத்த மின்கம்பியில் சிக்கி, ரப்பர் பால் வெட்டும் பெண் பலியானார்.”

“கேட்டியளா, ரேடியோ வச்சாச்சு!” என்றார் அண்ணன். என் கணவர்கூடச் சிரித்துவிட்டார். “அவளுக்கு ஒண்ணும் வராது. அடுத்த நியூஸ் சொல்லு, பிள்ள.”

சொன்னேன்.

“நெய்யாற்றின்கரை. தன் மரச்சீனித் தோட்டத்தில், காட்டுப்பன்றிக்காகத் தானே கட்டிய மின்கம்பியில் விழுந்து விவசாயி ஒருவர் பலியானார். அதிகாலையில் மின் இணைப்பைத் துண்டிக்கச் சென்றபோது, மழையில் கால் வழுக்கி அவர் கம்பியின் மேல் விழுந்ததாகக் கூறப்படுகிறது. அலறல் கேட்டு ஓடிவந்த குடும்பத்தினரால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. உடல் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. அவருக்கு மனைவியும் ஒரு மகளும் உள்ளனர்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் நூற்றுக்கணக்கான முறை எழுதியிருக்கிறேன். எண்ணிக்கை மட்டும்தான் மாறும். அதைக் கேட்கும் மனைவியின் முகத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. மீன்குழம்பு தட்டில் விழாமல் தரையில் சொட்டியது. அவர்களுடைய மகள் பெங்களூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

மாமியார்தான் முதலில் வாய் திறந்தார். “எடி, கரிநாக்கு! உயிரோட இருக்கவன செத்தான்னு வாயெடுத்துச் சொல்லுதியே! சொன்னா பலிக்குமே!”

அண்ணன் எதுவும் கத்தவில்லை. கையைத் தட்டிலேயே கழுவினார். என் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், “ஒருக்கா கூட சொல்லு,” என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மறுபடி சொல்லத் தொடங்கினேன். அடி இடது காதில் விழுந்தது. விளக்கு, சுவர், அக்காவின் சேலை எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தன. நான் கதவு நிலையில் மோதி உட்கார்ந்தேன்.

கணவர் அண்ணனின் கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்தார். இருவரும் முற்றத்துக்கு உருண்டார்கள். அண்ணன் முழங்கையால் இடித்ததில் இவருடைய உதடு கிழிந்தது. இவர் துணி துவைக்கும் கல்லில் அண்ணனின் தலையை ஒரு முறை மோதினார். இரண்டாம் முறை மோதத் தூக்கியபோது மாமியார் குறுக்கே படுத்துக்கொண்டார். அடுத்த வீட்டுக்காரர்கள் வேலிக்கு அப்பால் வந்து நின்றார்கள். சத்தத்தைக் கேட்டு வந்தவர்கள் இல்லை. எப்போதும் சத்தமாக இருக்கும் வீட்டில் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டதால் வந்தவர்கள்.

இதற்கிடையில் அக்கா அங்கே இல்லை. தோட்டத்திலிருந்து ‘டப், டப்’ என்று கேட்டது. வெட்டுகத்தியால் கம்பி கட்டிய குச்சிகளை ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்த்துக்கொண்டு வந்தார். வெறும் கையால் கம்பியைச் சுருட்டினார். கை கிழிந்து, ரத்தம் முழங்கை வரை வழிந்தது.

“எடி, அதைத் தொடாத! எனக்க கம்பியாக்கும்!” என்று அண்ணன் தரையில் கிடந்தபடியே கத்தினார். இப்போது அவருடைய பழைய குரல் திரும்பியிருந்தது.

“உனக்க கம்பிய நீயே கெட்டிட்டுக் கெட. நாக்கு வச்சாச்சு. இனி இது எனக்க மண்ணுல வேண்டாம்.” சுருளைப் பாழுங்கிணற்றில் வீசினார். விழுந்த சத்தம் வந்த பிறகுதான் திரும்பினார். என் பக்கம் பார்த்து, “உன்னய நான் கொல்லாம விடுதேன்னு நெனச்சுக்க,” என்றார்.

இரண்டு நாள் என் இடது காதில் ஒரே ஒலி இருந்தது. கூடத்தில் எல்லோரும் உதடு அசைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே பன்றிகள் வந்தன. மரச்சீனி முழுவதையும் வேரோடு புரட்டிப் போட்டன. காலையில் அண்ணன் தலையில் போட்ட கட்டோடு வரப்பில் நின்று பார்த்தார். நானும் என் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவர் என்னோடு பேசுவதில்லை. அக்கா பேசுகிறார். ஆனால் தன் பசுவின் சினையைப் பற்றி என் எதிரில் யாரும் வாயெடுக்க விடுவதில்லை.

ஊருக்கு இப்போது நான் மலேசியாக்காரி இல்லை, கரிநாக்குக்காரி. கடையில் எனக்கு முன்னால் நிற்பவர்கள் விலகி இடம் கொடுக்கிறார்கள். பிள்ளைகளை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். “ஒண்ணும் சொல்லிராத, அக்கா” என்று ஒருவன் தன் புது ஸ்கூட்டரை மறைத்துக்கொண்டு நின்றான். நான் நல்லதாக ஏதாவது சொன்னாலும் அவர்களுக்குப் பயம்தான்.

மழை விட்ட பிறகு பால் வெட்டு மறுபடி தொடங்கியது. முதல் நாள் நான் வாசலில் நின்றிருந்தேன். அந்தப் பெண் விளக்கோடு வந்து எனக்கு நேரே நின்றார். வெளிச்சம் கண்ணில் அடித்தது.

“நான் செத்துப்போனதாச் சொன்னியாமே?”

“ஆமா.”

“எனக்கு எத்தன பிள்ளைன்னு சொன்ன?”

“அது வரைக்கும் போகல. அதுக்குள்ள எங்க அண்ணன் சிரிச்சிட்டாரு.”

“ரெண்டு. ரெண்டும் ஆணு. மூத்தவன் கல்யாணம் ஆகாதவன். அடுத்த வட்டம் சொல்லும்போ அதயும் சேத்துச் சொல்லு. ஒரு பெண்ணாவது கிடைக்கும்,” என்றார். விளக்கைத் திருப்பிக்கொண்டு, பன்றிகள் புரட்டிய தோட்டத்தின் ஓரமாக, குழிகளில் கால் வைக்காமல் மேட்டுக்கு ஏறினார்.