சகலை காரின் அலாய் வீல்

என் மனைவியின் தங்கை கணவர், அதாவது என் சகலை, புது அலாய் வீல் போட்ட காரில் வாடிப்பட்டி மாமனார் வீட்டுக்கு வந்த அன்றே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. என்னுடையதும் அதே மாடல் கார்தான். ஆனால் மாமனார் அவருடையதைத்தான் இரண்டு முறை சுற்றிவந்து, "மாப்ள, வண்டி எம்புட்டு எடுப்பா இருக்கு!" என்றார்.

மறுவாரமே தல்லாகுளத்தில் ஒரு டயர் கடைக்குப் போனேன். சகலையின் வீல் பதினாறு இன்ச்சாவது இருக்கும் என்று நானே முடிவு செய்து, அகலமான டயரோடு பதினேழு கேட்டேன்.

"அண்ணே, இம்புட்டு அகலம் ஒங்க வண்டிக்கு ஆகாது. ஆள் ஏறினா உள்ள உரசும்," என்றார் கடைக்காரர்.

"கேட்டதைப் போடுங்க," என்றேன்.

அடுத்த விசேஷத்துக்கு மாமனார் வீட்டாரை நானே வலியக் கூப்பிட்டு என் காரில் ஏற்றினேன். முதல் வேகத்தடையிலேயே பின்சக்கரம் கரகரவென்று உரசியது. கொஞ்ச தூரத்தில் ரப்பர் கருகும் வாடை வந்தது. ஓரங்கட்டினேன். பின்னால் தன் காரில் வந்த சகலை இறங்கி டயரைத் தடவிப் பார்த்தார்.

"நான் கம்பெனி சைஸ் பதினஞ்சுதான் போட்டுருக்கேன் சகல. டிசைன்தான் பெருசாக் காட்டுது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல?"

மாமனார் காதில் விழாதபடி மெதுவாகத்தான் சொன்னார். அந்தப் பெருந்தன்மை மீதும் எனக்குப் பொறாமை வந்தது.

எல்லோரும் அவர் காரில் ஏறிக்கொண்டிருந்தபோது குனிந்து பார்த்தேன். சைஸ் அவர் டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருந்தது. அன்று வாடிப்பட்டியில், எல்லோரும் பார்க்க, அவர் வண்டிக்கு முன்னால் ஒரு நிமிடம் குனிய எனக்கு மனசு வரவில்லை.