அலமாரி மாறும் செடிகள்

லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, காய்ந்த செடியிடம் பேசிக்கொண்டிருக்கிறார். "காயைக் காட்டியே என்னை ஏமாத்திட்டியேடா." தாளில் ஒட்டிய உலர்செடிகளை அலமாரி அலமாரியாக அடுக்கிய அந்த நீண்ட அறையில் அவருக்குக் 'கடுகு மேடம்' என்று பெயர். கடுகும் முள்ளங்கியும் முட்டைக்கோஸும் ஒரே குடும்பம் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். பாச்சை உருண்டை வாடை உடுப்பை விட்டுப் போவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள். "நமக்கு வசதிதான்" என்பார்.

காயின் வடிவத்தைப் பார்த்து அந்தக் குடும்பத்தைப் பிரித்த தலைமுறை அவருடையது. நீளக் காய் என்றால் குடும்பத்துக்குள் ஒரு கிளை, ஒரு பேரினம்; உருண்டைக் காய் வேறொன்று. இப்போது மரபணு ஆய்வு வேறு கதை சொல்கிறது. காய் இஷ்டத்துக்கு உருவம் மாற்றிக்கொள்ளுமாம். உறவுக்கு அது சாட்சியில்லை. கட்டுக் கட்டாகச் செடிகள் அலமாரி மாறுகின்றன.

"இவங்களுக்கு இந்த வருஷம் எந்த வீடு மேடம்?" என்பார் அட்டெண்டர்.

"வாடகைக்கு இருக்கறவங்கதானே, தூக்குப்பா" என்று சிரிப்பார்.

இந்த வாரம் சிரிக்கவில்லை. வந்திருந்த ஆய்வு முடிவு, அவரே பிரித்த பேரினத்தைப் பற்றியது. மலைச்சரிவில் அந்தச் செடியைப் பறித்து அனுப்பிய அவருடைய அண்ணன், அடுத்த முறை அதே சரிவில் விழுந்து இறந்துபோனார். தங்கையான இவர் அந்தப் பேரினத்துக்கு அண்ணன் பெயரை வைத்தார். அந்தப் பேரினம் இனி இல்லை, பக்கத்துப் பேரினத்தோடு சேர்கிறது.

"நான் வேணா புதுப் பேர்ச் சீட்டை ஒட்டிடட்டுமா மேடம்?" என்றாள் அந்த மரபணு ஆய்வைச் செய்த இளம்பெண்.

"பிரிச்சது நான். நானே சேத்துடறேன். நீ போய் டீ குடி."

முதலில் அண்ணிக்குப் போன் செய்தார். வருகிறவர்களிடமெல்லாம் "இவர் பேர்ல ஒரு செடி இருக்கு" என்று சொல்லியே இத்தனை காலத்தைத் தள்ளியவர் அவர்.

"அப்ப அவர் பேரு இனிமே எங்கயும் இல்லியாம்மா?"

"இருக்கும் அண்ணி. பழைய பேருன்னு, புதுசுக்குக் கீழ."

மறுமுனையில் அண்ணி தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"நீ தப்பாப் பாத்துட்டியா?"

"ஆமா அண்ணி. தப்பாத்தான் பாத்துட்டேன்."

அந்த அறையில் பழைய பெயர்ச்சீட்டைக் கிழிக்கும் வழக்கமில்லை; அது அப்படியே இருக்க, சற்று மேலே புதியதை ஒட்டுவார்கள். பசை தடவி ஒட்டினார். வலது கட்டைவிரலால் அழுத்தினார். காயும்வரை, கண்ணைப் பொத்துவதுபோல், அண்ணன் பெயரின்மேல் இடது கையை வைத்திருந்தார்.