கமரா இல்லாத மரத்தடி

வீட்டுக்குத் தெரியாமல் பூங்காவில் தாலி கட்டப்போகிறோம் என்று, இடம் பார்க்க என் தங்கை என்னை லண்டனில் லூயிஷாமுக்கு அழைத்தாள். அவளுடைய காதலனும் வந்திருந்தான்.

“அக்கா, இந்த மரத்தடியில நிண்டா ஒருத்தரும் பாக்கமாட்டினம் என்ன?”

“ஓம். கிழக்கும் இந்தப் பக்கம்தான்.”

அவன் அவளுடைய சால்வையைத் தாலிபோல அவள் கழுத்தில் கட்டிப் பார்த்தான். கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்கவேயில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

என் கலியாணம் பெரிய மண்டபத்தில் ஊரையே கூட்டி நடந்தது. “அண்ணை, தாலியைப் பிடிச்சபடி இஞ்சால பாருங்கோ” என்றார் வீடியோக்காரர். என் கணவர் கமராவைப் பார்த்தபடியே முடிச்சுப் போட்டார்.

“தாலி கட்டுற அண்டைக்கு நீங்கதான் போட்டோ எடுக்கவேணும், அக்கா” என்றாள் தங்கை.

“என்னால ஏலாது” என்றேன்.

பொறாமையில் சொன்னேனா, அவளுடைய நல்லதுக்குச் சொன்னேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.