சனிக்கிழமை ரயிலில் அண்ணன்

“எடது பக்கம் பாத்து ஒக்காரு பாப்பா. ஆறு அங்கிட்டுதான் வரும். நேத்தே மேப்புல பாத்து வச்சுட்டேன்.”

அண்ணன் இதைச் சொன்னபோது புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். இடது கையில் இரண்டு தடித்த ஊசிகள், அவற்றிலிருந்து கிளம்பும் சிவந்த குழாய்கள், தலைமாட்டில் ரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் இயந்திரம். வலது கையில் கைபேசி. நான் ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரத்து ரயில் நிலையத்தில், சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குளிரில் கன்னம் விறைக்க நின்றிருந்தேன். எனக்கு ஏழு என்றால் அவருக்குப் பத்தரை. டயாலிசிஸ் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். இன்னும் மூன்றரை மணி நேரம் கையை அசைக்காமல் கிடக்க வேண்டும். அந்த மூன்றரை மணி நேரத்தை அவர் என்னோடு ரயிலில் கழித்தார்.

நோய் வருவதற்கு முன் அண்ணன் டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் திருமயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பெரிய வீடுகளை வைத்துக்கொண்டு சென்னையிலும் கோவையிலும் வாழ்கிற குடும்பங்கள் விசேஷத்துக்கு வந்தால், ராமேஸ்வரம், பழநி, கன்னியாகுமரி என்று அவர்களை ஏற்றிக்கொண்டு போவார். அவர்கள் சாமி கும்பிட்டு, கடல் பார்த்து, சாப்பிட்டு வரும்வரை வண்டியின் நிழலில் காத்திருப்பார். கன்னியாகுமரிக்கு எத்தனையோ முறை போயும் அங்கே கடலில் கால் நனைத்ததில்லை என்று ஒருமுறை சொன்னார். வண்டியை விட்டு எங்கே போவது என்று கேட்டார். எனக்கும் அவருக்கும் பத்து வயது வித்தியாசம். அப்பா இறந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு என்னைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பியது அந்த ஸ்டீயரிங்தான். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டியதில் வந்த முதுகுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை வருடக்கணக்காகப் போட்டிருக்கிறார். முப்பத்து மூன்று வயதில் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய போய்விட்டிருந்தன.

திருச்சியில் அந்தப் பெரிய டாக்டரின் அறையை நான் மறப்பதற்கில்லை. மாற்றுச் சிறுநீரகம் வைப்பதுதான் நல்லது, வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததால் முதல் கேள்வியிலேயே அவளை விலக்கிவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மேற்படிப்புக்கு டிரெஸ்டனில் இடமும் உதவித்தொகையும் கிடைத்து, விசாவுக்குக் காத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொல்லிவிட்டார்.

“அது சின்னப் புள்ளங்க டாக்டர். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகுது. கல்யாணம் காச்சி ஆகணும். அது வேணாங்க.”

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகாத பெண்ணின் வயிற்றில் கத்தி வைத்த தழும்பு இருந்தால் யார் கேட்டு வருவார்கள் என்ற பயம் அவளுக்கு. டாக்டர் வற்புறுத்தவில்லை. இறந்தவர்களிடமிருந்து பெறுவதற்கான அரசுப் பட்டியலில் பெயர் பதிந்துவிட்டு டயாலிசிஸைத் தொடரச் சொன்னார். அந்த அறையில் எனக்குள் என்ன நடந்தது என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெரிய ஒரு மூட்டையைத் தலையிலிருந்து யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. அண்ணனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நான் என்ன செய்ய முடியும்? இந்த ஒரு வாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

போன புதிதில் விடுதி அறையை விட்டு நான் வெளியே போனதில்லை. வகுப்பு, சமையல், அழுகை. “ரூமுக்குள்ளயே கெடந்தா பைத்தியம் புடிச்சுரும். ஒனக்குத்தான் ரயில் பாஸ் இருக்குல்ல, ஏறு” என்று துரத்தியது அண்ணன்தான். மாணவர்களுக்கான அந்த அட்டையைக் காட்டி அந்த மாநிலத்துக்குள் எந்த ரயிலிலும் போகலாம். வாரத்தில் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ்: செவ்வாய், வியாழன், சனி. எந்த ஊருக்கும் ஒரு நாளுக்கு மேல் அவரால் போக முடியாது. எனக்கோ சனி, ஞாயிறு விடுமுறை. எனவே வெள்ளிக்கிழமைக்குள் அவர் ஓர் ஊரைத் தேர்ந்தெடுப்பார். எத்தனை மணிக்கு ரயில், எங்கே மாற வேண்டும், இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதெல்லாம் குரல் பதிவாக வந்துவிடும். பயணிகளை ஏற்றிப் பழகிய மனிதர். என்னையும் அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த முதல் ரயிலில் இடது பக்கம் உட்கார்ந்தேன். அவர் சொன்னபடியே எல்பே ஆறு வந்தது. மணல்பாறைகள் செங்குத்தாக நிற்கும் ஒரு சிற்றூரில் இறங்கினேன். அக்கரைக்குப் போக ஒரு படகு இருந்தது. அதில் எஞ்சின் கிடையாது. ஆற்றின் மேல்பக்கம் எங்கோ நங்கூரம் பாய்ச்சிய நீண்ட கம்பிவடத்தில் கட்டியிருந்தார்கள். படகைச் சற்றுத் திருப்பினால் போதும், ஓடுகிற தண்ணீரே அதை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனது. அண்ணனுக்கு அது தாங்கவில்லை. “டீசல் இல்லாம ஓட்டுறாய்ங்களா? டிரைவரக் காட்டு, டிரைவரக் காட்டு” என்றார். பக்கத்துக் கட்டிலில் கிடந்த அரிமளத்து வாத்தியாரையும் பார்க்கச் செய்தார். ஊசியைச் சரிபார்க்க வந்த நர்ஸ் தலையை நீட்டி, “இன்னைக்கு எந்த ஊருண்ணே?” என்று கேட்டாள். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் அப்படிக் கேட்டாள்.

படகு நடு ஆற்றுக்கு வந்தது. “எம்புட்டுத் தண்ணி பாப்பா” என்றார் அண்ணன். ஒரு நாளைக்கு மூன்று தம்ளருக்கு மேல் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது. சாம்பார், டீ எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். சித்திரை வெயிலில் வாயில் ஐஸ்கட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதன் பிறகு அவர் திரையில் இருக்கும்போது நான் பாட்டிலைத் திறந்ததில்லை.

கோர்லிட்ஸ் என்ற எல்லை ஊருக்குப் போனது மறுவருடம் மே மாதம். ஊரின் ஓரத்தில் ஓர் ஆறு, அதன் மேல் நடைபாலம். இந்தக் கரை ஜெர்மனி, அந்தக் கரை போலந்து. பாலத்தில் ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு போனார். ஒரு பெண் ரொட்டிப் பையோடு அங்கிருந்து வந்தாள். அண்ணன் நம்பவில்லை. “செக்போஸ்ட் எங்க? பர்மிட் கேக்க மாட்டாங்களா?” குமுளி எல்லையில் கேரளாவுக்குள் நுழைய மணிக்கணக்கில் வண்டியோடு நின்றவர் அவர். “சும்மா நடந்து போகலாம்ணே” என்றேன். “அப்ப நட. மெதுவா நட” என்றார். நடந்தேன். நடுப்பாலம் வந்ததும் என்னைத் திரும்பி வரச் சொன்னார். மறுபடி போகச் சொன்னார். அன்றைக்கு நான்கு முறை அவருக்காக இரண்டு நாடுகளுக்கிடையே நடந்தேன். வாத்தியார் சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது.

இந்த இடத்தோடு நிறுத்திவிட முடிந்தால் நல்ல தங்கை ஒருத்தியின் கதையாக இருந்திருக்கும்.

இரண்டாம் வருடத்தில் எனக்கு நண்பர்கள் கிடைத்தார்கள். பல நாட்டுப் பிள்ளைகள். வார இறுதிகளில் அவர்களோடு போகத் தொடங்கினேன். சிரிப்பும் பாட்டுமாக ரயில் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது அண்ணனின் அழைப்பு வரும். முதலில் எடுத்தேன். பிறகு எடுத்து, “சிக்னல் இல்லண்ணே” என்றேன். அண்ணனின் கையிலிருந்த ரத்தக்குழாய் இரண்டு முறை அடைத்துப்போனதால், அப்போது கழுத்தில் குழாய் வைத்திருந்தார்கள். முகமும் கறுத்து ஊதியிருந்தது. ஒருமுறை பக்கத்திலிருந்த தோழி திரையை எட்டிப் பார்த்து, யார் இது, இவருக்கு என்ன என்று கேட்டாள். நான் கைபேசியைச் சட்டென்று மடியில் கவிழ்த்தேன். “என்ன பாப்பா, இருட்டாப் போச்சு?” என்று அண்ணனின் குரல் என் மடிக்குள்ளிருந்து வந்தது. சுரங்கப்பாதை என்று சொன்னேன்.

நவம்பரில் அம்மா தனியாக அழைத்தாள். கழுத்துக் குழாயோடு ரொம்ப நாள் இருக்கக் கூடாது, தொற்று வந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். பட்டியலில் அண்ணனின் முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

“கிறிஸ்மஸ் லீவுக்கு ஒரு எட்டு வந்து டெஸ்டு மட்டும் எடுத்துப் பாத்துட்டுப் போறியாத்தா? ஒன்னக் கேக்க எனக்கு வாய் வரல. ஆனா வேற யாரக் கேப்பேன்?”

அவள் முடிப்பதற்குள் அங்கே வந்துவிட்ட அண்ணன் போனைப் பிடுங்கிவிட்டார். “அது சொல்றதக் கேக்காத. நீ லீவுக்கு எங்கிட்டாச்சும் போயிட்டு வா. நான் எங்க ஓடிறப் போறேன்? இங்கிட்டுத்தான் கெடப்பேன்.”

வியன்னாவுக்கும் புடாபெஸ்டுக்கும் நண்பர்களோடு போவதென்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். பிப்ரவரியில் பரீட்சை இருக்கிறது, முடித்துவிட்டு மார்ச்சில் வருகிறேன், அப்போது எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிடலாம் என்றேன். பரீட்சை இருந்தது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு வார லீவிலும் நான் புத்தகத்தைத் திறக்கவில்லை.

புடாபெஸ்ட் அழகான ஊர். குளிரில் ஆவி பறக்கும் வெந்நீர்க் குளங்களில் இறங்கிக் கிடந்தோம். டான்யூப் ஆற்றின் பாலங்களில் விளக்கேற்றும் நேரம்வரை நின்றோம். இரண்டு சனிக்கிழமைகள் அண்ணனின் அழைப்பை நான் எடுக்கவில்லை. இரண்டாம் சனிக்கிழமை குரல் பதிவு ஒன்று வந்தது. “பேச வேணாம் பாப்பா. நீ பிரண்ட்ஸோட இருப்ப. படம் மட்டும் அனுப்பு, நான் பாத்துக்கிறேன். நர்ஸம்மா எந்த ஊருன்னு கேக்குது, எனக்குச் சொல்லத் தெரியல.” நான் மூன்று படங்களை அனுப்பினேன். ஊரின் பெயரை எழுத மறந்துவிட்டேன்.

ஜனவரி நடுவில் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. வெறும் காய்ச்சல்தான் என்று அம்மா சொன்னாள். கழுத்துக் குழாய் வழியாக நுழைந்த தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது என்பது திருச்சிக்குக் கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது. நான் விமானம் ஏறியபோது அண்ணன் உயிரோடு இருந்தார். துபாயில் இறங்கிக் கைபேசியைத் திறந்தபோது இல்லை. வீட்டு வாசலில் ஐஸ் பெட்டிக்குள் எனக்காகக் காத்திருந்தார். கழுத்தில் குழாயை எடுத்த இடத்தில் சின்னப் பஞ்சு ஒட்டியிருந்தது. வாத்தியார் தன் மகனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “நீங்கதானா அது?” என்று கேட்டார். அவர் பாசத்தோடுதான் கேட்டார். எனக்கு அது வேறுவிதமாகக் கேட்டது.

காரியம் முடிந்த பிறகு அண்ணனின் ஃபைலை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. என் ரத்த வகையும் அவருடையதும் ஒன்றுதான், என் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தியிருக்குமா என்று கேட்டேன். பொருந்தியிருக்காது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தது. அந்த ஒன்றுக்காகத்தான் போனேன்.

“கூடப் பொறந்தவங்கன்னா பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாதும்மா.”

“இப்ப எனக்குப் பண்ணிப் பாருங்க சார்.”

அவர் ஃபைலை மூடி என் பக்கம் நகர்த்தினார். “எதோட வச்சுப் பாக்குறது?” என்றார்.

திரும்பிப் போய்ப் படிப்பை முடித்தேன். அந்த ஆறு மாதத்தில் நான் எந்த ரயிலிலும் ஏறவில்லை. சனிக்கிழமைகளில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தேன். அங்கேயே வேலை கிடைத்தும் ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது திருச்சியில் வேலை. தினமும் திருமயத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். அம்மாவின் பக்கத்தில் இருக்கிறேன் என்று சொந்தக்காரர்கள் மெச்சுகிறார்கள். அம்மாவும் நானும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு மூன்று வருடங்களாக அந்த நவம்பர் மாதத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் திடீரென்று சொன்னாள்.

“நீ அப்ப வந்துருந்தாலும் நான் விட்டுருக்க மாட்டேன்.”

எனக்கு உடனே புரிந்தது. கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

“நான்தான் கேட்டேன். ஆனா கேட்டதுக்கப்பறம் ஒரு நாளுகூடத் தூங்கல. ஒன்னையும் கத்தியில படுக்க வச்சுட்டு ரெண்டு பேரையும் எங்கிட்டு நின்னு பாப்பேன்? நீ வந்து எறங்கியிருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருப்பேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத.”

அது உண்மையா, எனக்காக அவள் இத்தனை நாளாகச் சேர்த்து வைத்துச் சொன்ன பொய்யா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உளுந்து ஒரே சீராக முறத்தில் விழுந்துகொண்டிருந்தது. எதுவாக இருந்தாலும் அவள் அந்தப் பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டாள். நான் பதில் சொல்வேன் என்று அவள் எதிர்பார்த்ததாகத் தெரிந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு மறுபடி வெங்காயத்தை எடுத்தேன்.

நீ தடுக்க வேண்டிய தேவையே வந்திருக்காதும்மா, மார்ச்சிலும் நான் ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருப்பேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.