ஆளில்லாத முள்ளுக்காடு

யுத்த காலத்தில் ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்கு இடம் எடுத்தார்கள். அப்போது எங்கள் ஊர் சலூனில் பத்திரிகையை உரக்க வாசித்தவன் நான்தான். ஆவடிக்கு அப்பால் ஆளில்லாத முள்ளுக்காட்டை எடுக்கப்போவதாகப் போட்டிருந்தது. அது எங்கள் ஊர் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "காடுதானே, எடுத்துக்கட்டும். யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றார் சித்தப்பா. எல்லோரும் தலையாட்டினோம்.

பிறகு நோட்டீஸ் வந்தது. சித்தப்பாவின் கடலைக் கொல்லை, கிணறு, எங்கள் வீடு எல்லாம் அதில் இருந்தன.

மாடு மேயாமலிருக்க, கொல்லையைச் சுற்றி வருஷா வருஷம் முள் வெட்டிப் போடுவோம். ரோட்டில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் பத்திரிகையில் எழுதியவனுக்கு அந்த முள்தான் தெரிந்திருக்கிறது. வேலி போட்டவன் ஒருத்தன் உள்ளே இருப்பான் என்றுகூடவா தோன்றாது? இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

சாமான் ஏற்றிய வண்டியோடு குமணன்சாவடியைத் தாண்டினோம். அங்கே கடையில் ஒருவன், முள்ளுக்காட்டை எடுத்தாயிற்று என்று அன்றைய பத்திரிகையில் வந்திருந்த சேதியைப் படிக்க, "முள்ளுக்காடுதானே, போவட்டும்" என்றான் பக்கத்திலிருந்தவன். நான் சண்டைக்கு இறங்கப் போனேன். சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவனை இன்னாத்துக்குத் திட்டறே? நானும் அதையேதானே சொன்னேன்."