தூமகேசி படகைக் கவிழ்த்த வாரம்

திருச்சி சிங்காரத்தோப்பில் பைண்டிங் கடை வைத்திருந்த நஜிமுதீன், தொழிலை யாரிடமும் முறையாகக் கற்றவர் அல்ல. பதினெட்டு வயதில் துறையூரிலிருந்து வந்து ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய புத்தகம் ஒன்றை வாங்கி முதுகைப் பிரித்து, நூல் எந்தத் துளையில் நுழைந்து எதில் வெளியே வருகிறது என்று பார்ப்பார். அதே மாதிரி தைப்பார். கோணினால் மறுபடி பிரிப்பார். இப்படி ஆறு வருஷம் போனபின் 1951இல் தனிக்கடை போட்டார்.

கடைக்குச் சோறு போட்டவை பத்திரிகைத் தொடர்கதைகள்தான். வாராவாரம் வரும் தொடரைக் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டு செய்து வைத்துக்கொள்வது வீடுகளில் வழக்கம். ராஜகுமாரி மூர்ச்சையாகும் பக்கத்தின் பின்னால் கூந்தல் தைல விளம்பரம் இருக்கும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. நஜிமுதீன் வார எண்களைச் சரிபார்ப்பார், தைப்பார், ஓரம் வெட்டுவார், அட்டைமேல் காலிகோ துணி ஒட்டுவார். கதையை மட்டும் படிக்க மாட்டார். கேட்டால், "அரிசி மூட்டை தூக்குறவன் ஒவ்வொரு மூட்டையிலயும் சோறாக்கியா பாக்குறான்?" என்பார்.

ஸ்ரீரங்கத்துக் கோதை டீச்சர் அவருடைய பழைய வாடிக்கை. டீச்சரின் தொகுப்பு ஒன்று போனால் சித்திரை வீதியில் பத்து வீடு சுற்றித்தான் திரும்பும். அந்தப் பத்து வீட்டுத் தொடர்களும் பின்னாலேயே சிங்காரத்தோப்புக்கு வந்துவிடும்.

1959 ஐப்பசியில் டீச்சர் ‘வெண்குதிரைத் தீவு’ என்ற மாயாஜாலத் தொடரைக் கொண்டுவந்தார். அறுபத்திரண்டு வாரம். அந்த வாரம் பெய்த மழையில் கடையின் ஓடு ஒழுகி, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது ஆகிய மூன்று வாரங்களும் ஊறிக் கூழாகிவிட்டன. நஜிமுதீன் பதறவில்லை. அதே கதை முந்தின வருஷம் புத்தகமாக வந்திருந்தது. அதே தலைப்பு, அதே ஆசிரியர், அதே அத்தியாய எண்கள். ஒரு பிரதி வாங்கி, அந்த மூன்று அத்தியாயங்களை வெட்டிப் பத்திரிகை அளவுத் தாளில் ஒட்டி, இடையில் வைத்துத் தைத்தார். டீச்சரிடம் சொல்லவில்லை. பத்திரிகையைவிட அச்சு தெளிவாக இருந்ததில் அவருக்குத் திருப்திகூட.

பத்தாம் நாள் டீச்சர் தொகுப்போடு கடைக்கு வந்தார்.

"பாய், இதைக் கொஞ்சம் படிங்கோ."

"நானா? ஏன் டீச்சரம்மா, தையல் விட்டுப்போச்சா?"

"தையல் நன்னா இருக்கு. கதைதான் விட்டுப்போச்சு. நாற்பதாம் வாரத்துல தூமகேசிங்கற சூனியக்காரி, புயல்ல மாட்டிண்ட ராஜகுமாரனைத் தானே படகு வலிச்சுக் கரை சேர்க்கறா. நாற்பத்தொண்ணாம் வாரத்துல அவன் செய்யற முதல் காரியம், அவளைக் கல்லாக்கறான். ‘துரோகி, தொலைந்தாய்!’னு சிரிக்க வேற சிரிக்கறான். எங்க தெருவே கொதிச்சுப் போயிருக்கு. காப்பாத்தினவளைக் கல்லாக்கறவனெல்லாம் ஒரு ராஜகுமாரனா?"

நஜிமுதீன் மழையையும் புத்தகத்தையும் சொன்னார். டீச்சர் நெற்றியில் கைவைத்தார்.

"பத்திரிகையில தூமகேசி பொல்லாதவ, படகைக் கவிழ்க்கறா. புஸ்தகமா போடறச்சே ஆசிரியருக்கு அவ மேல இரக்கம் வந்துடுத்து போல. ராஜகுமாரனோட தொலைஞ்சுபோன அத்தையா ஆக்கிட்டார். அதையும் படிச்சிருக்கேன், அதுல அவ கல்லாகறதே இல்லை."

"ஒரே ஆளு எழுதின ஒரே கதைதானே டீச்சரம்மா?"

"எழுதினவர் ஒருத்தர்தான். தூமகேசி ரெண்டு பேர்."

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "எண்பது வாரத் தொடர் இன்னொண்ணு ஆத்துல இருக்கு. ஒரு வார்த்தை சொல்லாம பக்கத்தை மாத்தறவர்கிட்ட அதை எப்படிக் கொடுப்பேன்? பத்திரிகையில வந்த மூணு வாரத்தை வெச்சுத் தை பொறக்கறதுக்குள்ள தைச்சுக் கொண்டுவாங்கோ. அப்புறம் பார்க்கலாம்."

டீச்சர் கைவிட்டால் ஸ்ரீரங்கமே கைவிட்ட மாதிரி. நஜிமுதீன் பழைய பேப்பர் கடைகளில் ஏறி இறங்கினார். பத்திரிகைக்கு எழுதினார், பழைய பிரதி இல்லை என்று பதில் வந்தது. துறையூர் மளிகைக் கடை ஒன்றில் முப்பத்தொன்பதாம் வாரம் பொட்டலமாகப் போய்க்கொண்டிருந்தது. பாதிப் பக்கம் கிடைத்தது, வெல்லத்தோடு.

கடைசியில் பொன்மலை ரயில்வே காலனியில், ஒர்க்‌ஷாப் ஃபிட்டரின் மனைவி வேலம்மாளிடம் முழுத் தொடரும் இருப்பதாகத் தெரிந்தது.

"ரெண்டே நாள் கொடுங்கம்மா, பத்திரமாத் திருப்பித் தரேன்."

"மழையில நனைஞ்சது உங்க கடையிலதானேங்க?" என்றார் வேலம்மாள். "வீட்டை விட்டு அனுப்ப மாட்டேன். வேணும்னா இங்கேயே உக்காந்து எழுதிக்கிட்டுப் போங்க."

நஜிமுதீனின் கையெழுத்து அவருக்கே புரியாது. மனைவி சுராயாவுக்கு முத்து முத்தாக வரும். பிரதி எடுக்கச் சுராயா மூன்று மத்தியானங்கள் பொன்மலைக்குப் பஸ் ஏறினார். மூன்றாம் நாள் நஜிமுதீனும் போய், அச்சையும் பிரதியையும் வரிவரியாக ஒப்பிட்டார். நாற்பதாம் வாரத்தில் விரல் நின்றது. ‘தூமகேசி துடுப்பை வீசி எறிந்து படகைக் கவிழ்த்தாள்’ என்பதோடு அச்சில் பத்தி முடிகிறது. பிரதியில் இன்னொரு வரி இருந்தது: ‘அவன் நீந்தத் தெரிந்தவன் என்பது அவளுக்குத் தெரியும்.’

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"என் கையிலேருந்துதாங்க" என்றார் சுராயா.

"அச்சுல இல்லியே!"

"இல்லாட்டி என்னங்க? அத்தனை வாரம் அவனுக்கு ஆக்கிப் போட்டவ, திடீர்னு ஒருநாள் முழுகடிப்பாளா?"

உள்ளேயிருந்து வேலம்மாளின் குரல் வந்தது. "நானும்தாங்க எழுதச் சொன்னேன்."

அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதச் சொன்னதற்கு, "நீங்களே எழுதிக்கங்க" என்று சுராயா பேனாவை நீட்டினார். நஜிமுதீன் அரைப் பக்கம் எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டார். மார்கழி முடிய நாலு நாள்தான் இருந்தது. பிரதியை அப்படியே தைத்து எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனார். டீச்சர் கையில் கொடுக்குமுன் தானே நாற்பதாம் வாரத்தை விரித்து, அந்த வரியைக் காட்டினார்.

"இது பத்திரிகையில இல்லீங்க. என் வீட்டுல சுராயா போட்டது. மத்ததெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாத்துட்டேன். இதை அடிச்சுடட்டுமா?"

டீச்சர் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். பென்சிலை எடுத்து, ஓரத்தில் ‘இவ்வரி சுராயா எழுதியது’ என்று குறித்தார்.

"இருக்கட்டும். யார் எழுதினதுன்னு தெரிஞ்சா போறும்."

உள்ளே போய் அடுத்த தொடரின் கட்டைக் கொண்டுவந்து வைத்தார். நஜிமுதீன் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார். எழுபத்தொன்பதுதான் இருந்தது.

"ஐம்பத்தேழைக் காணோமே டீச்சரம்மா."

"அது தபால்ல எங்கேயோ தொலைஞ்சுபோச்சு. எனக்கு வரவேயில்லை."

"வேலம்மாகிட்ட கேட்டுப் பாக்கறேங்க."

"அங்கேயும் இல்லேன்னா?"

நஜிமுதீன் கட்டின் கயிற்றை இறுக்கினார்.

"இல்லேன்னா சுராயாவையே எழுதச் சொல்லுங்கோ" என்றார் டீச்சர். "ஆனா ஐம்பத்தெட்டாம் வாரத்தை முதல்ல படிச்சுட்டு எழுதச் சொல்லுங்கோ."