நேற்றைய தெலுங்குப் பேப்பர்

திருத்தணியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் கிளை நூலகத்தில் பாதிப் பொருள் யாராவது கொடுத்ததுதான். மின்விசிறி ஜவுளிக்கடைக்காரர் உபயம். மூன்று இறக்கையிலும் கடைப் பெயரை எழுதி வைத்திருக்கிறார். சுவிட்சைப் போட்டால் படிக்க முடியாது. ஜன்னல் திரை, ஆர்.கே.பேட்டை தறிக்காரர் ஒருவர் தந்த லுங்கித் துணி. கோடையில் தண்ணீர்ப் பானை வைப்பது பூ விற்கும் அம்மாள். என் பங்கு, தினம் ஒரு தெலுங்குப் பேப்பர்.

அது என் மனைவி வாங்கிக்கொண்டிருந்த பேப்பர். அவள் நகரி பக்கத்துக்காரி. நான் பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். நாற்பது வருஷம் அவளோடு தெலுங்கில் பேசினேன், தெலுங்கிலேயே சண்டையும் போட்டேன். ஆனால் அந்த எழுத்து மட்டும் எனக்குக் கடைசிவரை ஜிலேபிதான். மத்தியானம் சமையல் வேலை முடிந்ததும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, உதடு அசைய முணுமுணுவென்று படிப்பாள். "மனசுக்குள்ள படியேன்" என்று எரிந்து விழுவேன். அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்தச் சத்தம் இல்லாத மத்தியானங்கள் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

பேப்பரை நிறுத்த மனம் வரவில்லை. பேப்பர்காரன் இன்னமும் பழக்கத்தில் "அம்மா, பேப்பர்!" என்று குரல் கொடுத்துத்தான் வீசிவிட்டுப் போகிறான். அந்த வீட்டில் அவளைக் கூப்பிடும் ஒரே குரல் அதுதான். சென்னையிலிருக்கும் மகள், "படிக்கத் தெரியாத பேப்பர் உனக்கு எதுக்குப்பா?" என்று போனில் கேட்டாள். கேள்வி நியாயமானது என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. நூலகத்துக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். ஊரில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள், படிக்க ஆளா இல்லை என்று நினைத்துவிட்டேன்.

இல்லை. காலை எட்டு மணிக்கே வந்து உட்காரும் ஒருவர் சிரித்தபடி சொன்னார்: "வூட்ல தெலுங்குதான் சார் பேசிகினு கீறோம். எழுத்து யாருக்குத் தெரியும்? படிச்சதெல்லாம் தமிழ் ஸ்கூல் ஆச்சே." தமிழ்ப் பேப்பர்கள் பக்கம் பக்கமாகப் பிரிந்து மேசை முழுக்கக் கிடக்கும். என்னுடையது மட்டும் மடிப்புக் கலையாமல் இருக்கும். கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வரும் நூலகர் அம்மா ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேசைல எடம் பத்தல சார். இந்த மாசம் பாப்போங்க. யாரும் தொடலன்னா நிறுத்திக்கலாங்களா?"

"ஆங், பாப்போம்" என்றேன். நூலகமும் வேண்டாம் என்றால் பேப்பர் வாங்க எனக்கு ஒரு சாக்கும் மிஞ்சாது. பேப்பர்காரன் என் வாசலைத் தாண்டிப் போய்விடுவான். அந்த மாதம் முழுவதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திருட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பேப்பர் வந்ததும் அவள் நாற்காலியில்தான் வைப்பேன். பகலெல்லாம் அங்கேயே இருக்கும். மறுநாள் புதிது வந்த பிறகு, பழையதை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போவேன். ஆகவே நூலகத்துக்குத் தினமும் நேற்றைய பேப்பர்தான் போனது. யாரும் பிரிக்காததால் யாருக்கும் தெரியவில்லை.

மாதக் கடைசியில் ஒரு காலை, பேப்பரை மேசையில் வைத்துவிட்டு டீ குடித்துத் திரும்பினால், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அதைப் பிரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டேன். உதடு அசைந்தது. முணுமுணுவென்று சத்தமும் வந்தது. எதிரே போய் உட்கார்ந்து, ஒரு தமிழ்ப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். ஏதோ ஏரி நிரம்பியது, எங்கோ மாங்காய் விலை இறங்கியது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவளும் நகரிக்கு அந்தப் பக்கம்தான். இங்கே கட்டிக்கொடுத்த மகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம். டாக்டர் பார்க்க வரும் நேரத்தில் கூட இருப்பவர்களை வெளியே அனுப்பிவிடுவதால், காற்றாட இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். மூன்று நாள் வந்தாள். மூன்றாம் நாள் என்னிடம் கேட்டாள்.

"ஏன் அண்ணா, இது தெனமும் நேத்துப் பேப்பரா இருக்குதே. இன்னிக்குது வராதா?"

மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி விழித்தேன். "நாளைக்கு வரும்மா" என்றேன்.

மறுநாள் காலை "அம்மா, பேப்பர்!" என்ற குரல் கேட்டது. எடுத்தேன். நாற்காலி வரை போனேன். அதில் நேற்றையது கிடந்தது. புதியதை அதன் மேல் வைக்காமல், இரண்டையும் மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

நூலகர் அம்மா பழையதில் சீல் குத்திவிட்டுப் புதியதை எடுக்கும்போது அந்தப் பெண் அவசரமாக உள்ளே வந்தாள். வெளியே ஆட்டோவில் மகள், துணிக்குள் சுருட்டிய குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஊருக்குக் கூட்டிகினு போறேன் அண்ணா. சொல்ட்டுப் போலாம்னு வந்தேன். இன்னிக்குப் பேப்பர் வந்துச்சா?"

"சீல் வைக்காதீங்க மேடம்" என்றேன். நூலகர் அம்மா என்னைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். பேப்பரை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். "பஸ்ல படிச்சிகினு போம்மா." அவள் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். ஆட்டோ கிளம்பும்போதே பிரித்துவிட்டாள்.

"படிக்க ஆள் வருதே சார். இருக்கட்டும், நிறுத்த வேணாங்க" என்றார் நூலகர் அம்மா. தலையாட்டினேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். அவள் நாற்காலி பேப்பர் இல்லாமல் காலியாக இருந்தது. அன்று அந்த வீட்டில் எனக்குப் படிக்கத் தெரியாதது என்று எதுவுமே இல்லை.